17 வாரப் பெட்டைகள்: லேயர் தீவனத்துக்கு இப்போதே மாற்றலாமா?

வெள்ளைஇறகு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். முதல் தடவையாகக் கோழி வளர்க்கிறேன். ஒரு நாள் குஞ்சாக வந்தவை. பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்தால் குளிர், ஓரமாக ஒதுங்கினால் சூடு அதிகம் என்று இங்கே படித்ததைப் பிடித்துக்கொண்டு, முதல் இரண்டு வாரம் ராத்திரிக்கு மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். அப்படி வளர்த்த ஆறு பெட்டைகளுக்கு நாளையோடு 17 வாரம் முடிகிறது. பழுப்பு நிறக் கலப்பினம். அவற்றோடு அதே வயதில் ஒரு சேவல். அப்புறம் பின்னால் வந்து சேர்ந்த மூன்று இளம் பெட்டைகள், அவற்றுக்கு 12 வாரம். பத்தும் ஒரே கூண்டில்தான், ஒரே தீவனப் பாத்திரத்தில்தான்.

இப்போது கொடுப்பது குரோவர் தீவனம், அதாவது வளரும் பருவத்துக்கானது. மூட்டையில் பாதி மிச்சம் இருக்கிறது. லேயர் என்பது முட்டையிடும் கோழிக்கான தீவனம். தீவனம் வாங்கும் இடத்தில் "17 வாரம் ஆகிவிட்டதா? உடனே லேயருக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் முட்டைக்கு வராது" என்கிறார்கள். கோழி வளர்க்கும் தெரிந்தவர் ஒருவர், முதல் முட்டையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மாற்ற வேண்டும் என்று அடித்துச் சொல்கிறார். இருவருமே அனுபவம் உள்ளவர்கள். நான் நடுவில் நிற்கிறேன்.

ஆறில் ஒன்றுக்கு மட்டும் கொண்டை நன்றாகச் சிவந்துவிட்டது. போன வாரம் வரை வெளிர் ரோஸ் நிறத்தில் இருந்தது. அதன் முதுகில் கை வைத்தால் முன்பு போல் ஓடுவதில்லை. இறக்கையைக் கொஞ்சம் விரித்துத் தரையோடு பதுங்கிக்கொள்கிறது. முதலில் நோய் என்று நினைத்துப் பயந்தேன். மற்ற ஐந்தும் இன்னும் குழந்தை முகத்தோடுதான் இருக்கின்றன.

என் கேள்விகள் மூன்று. தீவனம் எப்போது மாற்றுவது? 12 வாரக் குட்டிகளும் சேவலும் அதே பாத்திரத்தில் தின்கின்றனவே, அவற்றுக்கு லேயர் தீவனம் கெடுதலா? முட்டையிடும் பெட்டி இன்னும் வைக்கவில்லை, அவசரமா?

கூரைமேல்சேவல்:

என் கூண்டில் எல்லாம் ஒரே வயது என்பதால் நான் தலையை உடைத்துக்கொள்வதில்லை. 18 வாரம் முடிந்ததும் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து லேயருக்கு மாற்றிவிடுவேன். இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. உங்களுடையவையும் மாற்றும் வயதுக்கு வந்துவிட்டன. குட்டிகள் விஷயம் எனக்குத் தெரியவில்லை, அதை மற்றவர்கள் சொல்லட்டும்.

கொண்டை சிவந்து பதுங்குவது நோய் இல்லை. அது பருவத்துக்கு வந்துவிட்டது. சேவல் இருக்கிறதே, அதற்குப் புரியும்.

சாயங்காலக்கூடு:

வெள்ளைஇறகு, இன்றைக்கே மாற்ற வேண்டாம். ஆறு பெட்டைகள் மட்டும் இருந்திருந்தால் கூரைமேல்சேவல் சொல்வது போல அடுத்த வாரம் ஆரம்பியுங்கள் என்று சொல்லியிருப்பேன். அந்த 12 வாரக் குட்டிகள்தான் என்னைத் தடுக்கின்றன. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். எனக்கு இது மனதை விட்டுப் போகாத விஷயம்.

என்னுடைய முதல் மந்தையில் 14 பெட்டைகள். அப்போது தீவனம் வாங்கிய இடத்தில், "எதற்கு இரண்டு விதமாக வாங்குகிறீர்கள், லேயரையே கொடுங்கள், சீக்கிரம் முட்டைக்கு வரும்" என்றார்கள். நானும் 9-வது வாரத்திலிருந்தே லேயர் தீவனம் கொடுத்தேன். பெட்டைகள் பளபளவென்று வளர்ந்தன, முட்டையும் இட்டன. நான் செய்தது சரிதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். 30 வாரம் வாக்கில் ஒன்று கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்க ஆரம்பித்தது. கொண்டை சுருங்கி வெளிறிப் போனது. தூக்கினால் நெஞ்செலும்பு கத்தி போலக் கையில் பட்டது. எச்சம் வெள்ளைத் தண்ணீர். மூன்றாம் நாள் காலையில் கம்புக்கு அடியில் செத்துக் கிடந்தது. அடுத்த மாதமே இன்னொன்று, அதே மாதிரி.

இரண்டாவதைக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் அறுத்துக் காட்டினார். ஈரலின் மேலும் இதயத்தைச் சுற்றியுள்ள சவ்வின் மேலும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் படலம். ஒரு பக்கத்துச் சிறுநீரகம் வற்றிக் காய்ந்திருந்தது, மறுபக்கம் அதன் வேலையையும் சேர்த்துச் செய்து வீங்கியிருந்தது. அந்த வெள்ளை சுண்ணாம்பு இல்லையாம். சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் உடம்புக்குள்ளேயே படிந்துவிட்ட யூரிக் அமில உப்பு. சிறு வயதில் என்ன தீவனம் கொடுத்தீர்கள் என்று அவர் கேட்டார். நான் சொன்னேன். அவர் திட்டவில்லை. குஞ்சுப் பருவத்தில் சிறுநீரகத்துக்கு ஏற்பட்ட சேதம், முட்டையிடும் பாரம் வந்த பிறகுதான் வெளியே தெரியும் என்று மட்டும் விளக்கினார். நான் கையால் அள்ளிப் போட்ட தீவனம்தானே என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

கணக்கு இதுதான். குரோவர் தீவனத்தில் கால்சியம் சுமார் 1 சதவீதம் இருக்கும். லேயர் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம். முட்டையிடும் கோழிக்கு அந்த அளவு வேண்டும், ஓடாக வெளியே போய்விடுகிறது. வளரும் பெட்டைக்கு அது போக வழியில்லை. மிச்சம் முழுவதையும் சிறுநீரகம்தான் சுமந்து வெளியே தள்ள வேண்டும். ஒரு வாரம் இரண்டு வாரம் முன்னால் பின்னால் ஆனால் பெரிய கெடுதல் இல்லை. மாதக்கணக்கில் போனால்தான் ஆபத்து. உங்கள் குட்டிகளுக்கு 12 வாரம். முட்டைக்கு வர இன்னும் ஆறேழு வாரமாவது ஆகும். அவ்வளவு நாள் லேயர் தீவனத்தை அவை தின்னக் கூடாது.

அதற்காக மூத்த ஆறையும் காயப்போட முடியாது. முதல் முட்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் இருக்கும்போதே பெட்டையின் கால் எலும்புக்குள், மஜ்ஜை இருக்கிற குழிவில், பஞ்சு மாதிரி ஒரு புது எலும்பு வளர ஆரம்பிக்கிறது. சூலகத்திலிருந்து ஈஸ்ட்ரோஜன் சுரப்பதால் நடப்பது. அந்தப் பஞ்செலும்புதான் அதன் கால்சியக் கிடங்கு. ஒரு முட்டை ஓட்டுக்கு 2 கிராம் கால்சியம் போகிறது. ஓடு படிய ஏறக்குறைய 20 மணி நேரம் எடுக்கும், அதில் பெரும்பங்கு ராத்திரியில். கோழி கம்பில் தூங்கிக்கொண்டிருக்கும், இரைப்பை காலியாகிக்கொண்டே வரும், உள்ளே ஓடு படிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் தீவனத்திலிருந்து வருவது போதாவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கிடங்கு நிறையாமல் முட்டை போட ஆரம்பித்த பெட்டை தன் எலும்பையே கரைத்து ஓடு கட்டும்.

ஆக, ஒரே கூண்டில் இரண்டு தேவை. நான் பல வருஷமாகச் செய்வது இது: எல்லாவற்றுக்கும் குரோவர் தீவனமே பொதுவாக இருக்கட்டும். கால்சியத்துக்குக் கிளிஞ்சல் நொறுக்கை வேறு தட்டில், தீவனத்தோடு கலக்காமல், இன்றைக்கே வையுங்கள். தீவனத்தின் மேல் தூவிவிட்டால் குட்டிகளும் வேண்டாமலே விழுங்கும். தனித் தட்டில் இருந்தால் தேவைப்படுகிற கோழிதான் போய் நிறையத் தின்னும். குட்டிகள் ஆர்வத்தில் இரண்டு துண்டு கொத்திப் பார்த்துவிட்டு விலகிவிடும், அதனால் ஒன்றும் ஆகாது. சேவலுக்கும் லேயர் தீவனம் தேவையில்லை, அவனுக்கும் குரோவர்தான் நல்லது.

கிளிஞ்சல் மாவாக இருக்கக் கூடாது. 2 முதல் 4 மில்லிமீட்டர் துண்டாக வாங்குங்கள். மாவு சீக்கிரம் குடலைத் தாண்டிப் போய்விடும். துண்டு அரவைப்பையில் தங்கி, ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, தேவைப்படும் நேரத்துக்குச் சரியாகக் கிடைக்கும். சாயங்காலம் கூண்டருகே சும்மா பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கம்பில் ஏறுவதற்கு முன்னால் முட்டையிடுகிற பெட்டைகள் ஒவ்வொன்றாகக் கிளிஞ்சல் தட்டுக்குப் போகும். அலகில் ஓட்டுத் துண்டு உரசி கரக் கரக் என்று சத்தம் கேட்கும். அன்றைக்கு எத்தனை பெட்டைக்கு உள்ளே முட்டை இருக்கிறது என்பதை நான் அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். என் பெயருக்குக் காரணமும் அதுதான்.

ஒன்று மட்டும் மூட்டையின் சீட்டில் பாருங்கள். குரோவரில் புரதம் 16 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் முட்டை போடும் ஆறுக்கும் அது போதாது. அப்படியானால் புரதம் கூடுதலான வேறு குரோவர் தேடுங்கள், அல்லது நடுவில் வலை கட்டிக் குட்டிகளைப் பிரித்துவிட்டு மூத்தவற்றுக்கு லேயர் கொடுங்கள். குட்டிகளும் 18 வாரத்தைத் தொட்ட பிறகு மொத்தக் கூண்டையும் மாற்றலாம். அப்போதும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். கால் பங்கு, அரைப் பங்கு என்று ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். தீவனத்தின் ருசியும் துகளும் திடீரென்று மாறினால் சில பெட்டைகள் தின்பதையே குறைத்துவிடும். தீனி குறையவே கூடாத காலம் இது. இந்த வயதில் ஒரு பெட்டை ஒரு நாளைக்கு 80 கிராம் வாக்கில் தின்னும், முட்டை நன்றாக வந்துவிட்டால் 100 முதல் 120 கிராம் வரை போகும்.

மூன்றாவது கேள்விக்கு வேறு யாராவது சொல்லுங்கள், விரல் வலிக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வேலை. நாட்காட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, இருட்டியதும் ஒவ்வொரு பெட்டையாகக் கம்பிலிருந்து எடுத்துத் தொட்டுப் பாருங்கள். இருட்டில் அவை முரண்டு பிடிக்காது. எச்சத் துவாரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு எலும்பு முனை கைக்குத் தட்டுப்படும். நடுவில் ஒரு விரல்கூடச் சரியாக நுழையவில்லை என்றால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு விரல் தாராளமாகப் போய், முனைகள் வளைந்து கொடுத்தால் முட்டை பக்கத்தில் வந்துவிட்டது. துவாரமும் அப்போது சின்ன வட்டமாக இறுகி இருக்காது, அகன்று ஈரமாக இருக்கும். கையோடு எடையும் போட்டு எழுதி வையுங்கள். பழுப்புக் கலப்பினம் என்றால் இந்த வயதில் 1.4 முதல் 1.5 கிலோ எதிர்பார்க்கலாம்.

மூங்கில்படல்:

சாயங்காலக்கூடு அக்கா சொன்னதற்கு நேர் எதிர்த் தவறு செய்தவன் நான், அதனால் எழுதுகிறேன். குரோவர் மூட்டை தீரட்டும் என்று காத்திருந்தேன். கிளிஞ்சலும் வைக்கவில்லை. ஐந்து பெட்டைகள் மூன்று வாரம் அப்படியே முட்டை போட்டன, நானும் சந்தோஷமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நாளுக்கு நாள் ஓடு மெலிந்தது. ஒருநாள் காலையில் அதிகம் முட்டை போடுகிற பெட்டை கம்பிலிருந்து இறங்கி, எழுந்திருக்க முடியாமல் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. கண் தெளிவாக இருக்கிறது, தீவனத்தைக் காட்டினால் கொத்துகிறது, நிற்கத்தான் முடியவில்லை. தனியாக மெத்தென்று கூளம் போட்டு உட்காரவைத்து, தண்ணீரும் தீவனமும் கிளிஞ்சலும் அலகுக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தேன். மருத்துவர் கால்சியமும் வைட்டமின் டி3-யும் கொடுத்தார். நான்காம் நாள் தடுமாறி எழுந்தது. பிழைத்துவிட்டது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

பெட்டி விஷயம்: அவசரம்தான், இந்த வாரமே வையுங்கள். நான்கைந்து பெட்டைக்கு ஒரு பெட்டி போதும், ஒன்பதுக்கு இரண்டு. நீள அகல உயரம் 30 சென்டிமீட்டர். கூண்டிலேயே இருட்டான மூலையில், இரவில் அமரும் கம்பை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். பெட்டி உயரமாக இருந்தால் அதில் ஏறித்தான் தூங்கும், காலையில் முட்டையெல்லாம் எச்சத்தில் கிடக்கும். உள்ளே ஒரு மரமுட்டையோ கோல்ஃப் பந்தோ போட்டு வையுங்கள். "இங்கேதான் இடுவார்கள் போலிருக்கிறது" என்று தெரிந்துகொள்ளும். முதல் முட்டையை எங்கே இடுகிறதோ அந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகிற பழக்கம் கோழிக்கு உண்டு. தரையில் இட ஆரம்பித்துவிட்டால் மாற்றுவது பெரிய பாடு.

குடற்புழு மருந்து, தடுப்பூசி, கூண்டு மாற்றுவது, புதுக் கோழி சேர்ப்பது எல்லாவற்றையும் முதல் முட்டைக்கு இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் அவற்றைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட வேண்டும். அக்கா சொன்ன ராத்திரித் தடவலைத் தவிர.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. முட்டைக்கு வந்த பெட்டைக்குப் பகல் 14 மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. பகல் சுருங்கிக்கொண்டு வருகிற பருவமானால் முதல் முட்டையே சில வாரம் தள்ளிப் போகும். விளக்குப் போடுவதாக இருந்தால் எடை சரியாக வந்த பிறகு போடுங்கள், வாரத்துக்கு அரை மணி நேரம் என்று மெதுவாகக் கூட்டுங்கள், 16 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். விடியற்காலையில் கூட்டுவது நல்லது. சாயங்காலம் விளக்கை எரியவிட்டுத் திடீரென்று அணைத்தால் கம்பில் ஏறாத பெட்டைகள் இருட்டில் தரையிலேயே தவிக்கும். விளக்கே வேண்டாம் என்று விட்டாலும் தப்பில்லை, நான் போடுவதில்லை.

ஓடைக்கரை:

தண்ணீரை யாரும் சொல்லவில்லையே! முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். தின்கிற தீவனத்தின் எடையைப் போல இரண்டு மடங்கு குடிக்கும், ஒரு பெட்டைக்கு 200 முதல் 250 மில்லி. வெயில் நாளில் இன்னும் கூடும். முட்டைக்கு வந்த பெட்டைக்கு அரை நாள் தண்ணீர் இல்லாமல் போனாலும் அடுத்த சில நாள் முட்டையில் தெரியும். சூடான தண்ணீரைக் கோழி குடிக்காது, ஆகவே பாத்திரம் நிழலில் இருக்கட்டும். இரண்டு பாத்திரம் வையுங்கள், தள்ளித் தள்ளி. ஒன்றே ஒன்று இருந்தால் மூத்த பெட்டை அதை மறித்துக்கொண்டு நிற்கும், உங்கள் குட்டிகள் மூன்றும் தாகத்தோடு சுற்றிக்கொண்டிருக்கும். தீவனத்துக்கும் இதே பேச்சுத்தான்.

வெள்ளைஇறகு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சாயங்காலக்கூடு அக்கா, உங்கள் 14 பெட்டைகளின் கதையைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. லேயர் மூட்டை வாங்கவில்லை.

நேற்று இருட்டியதும் தொட்டுப் பார்த்தேன். முதலில் எலும்பு எது என்றே தெரியவில்லை, இரண்டாவது பெட்டைக்கு வந்தபோதுதான் விரலுக்குப் புரிந்தது. கொண்டை சிவந்ததற்கு இரண்டு விரல் போகிறது. இன்னொன்றுக்கு ஒன்றரை. அதன் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, தொட்டதால்தான் தெரிந்தது. மற்ற நான்குக்கும் ஒரு விரல்தான். எடை 1.38-லிருந்து 1.52 கிலோ வரை இருக்கிறது. குரோவர் சீட்டில் புரதம் 16 என்று போட்டிருக்கிறது. கிளிஞ்சல் தட்டு வைத்துவிட்டேன், முதல் நாள் சேவல்தான் வந்து கிளறிவிட்டுப் போனது.

ஒரு சந்தேகம். கிளிஞ்சல் வைத்தால் சிறுகல் வேண்டாமா? இரண்டும் ஒன்றா? அப்புறம் சாயங்காலம் உடைத்த மக்காச்சோளம் கொஞ்சம் வீசுவேன், கூப்பிட்டால் ஓடி வருவதற்காக. அதை நிறுத்தவேண்டுமா?

சாயங்காலக்கூடு:

இரண்டும் வேறு. சிறுகல் கோழிக்குப் பல் மாதிரி. அரவைப்பையில் தங்கித் தானியத்தையும் புல்லையும் அரைக்கும், கரையாது. கிளிஞ்சல் கரைந்து உடம்பில் சேரும். வெளியே மேய்கிற கோழி சிறுகல்லைத் தானே பொறுக்கிக்கொள்ளும். கூண்டிலேயே இருந்தால் நீங்கள்தான் வைக்க வேண்டும்.

மக்காச்சோளத்தை நிறுத்த வேண்டாம். அந்த ஓடி வருகிற சந்தோஷம் அவற்றுக்கும் வேண்டும், உங்களுக்கும் வேண்டும். ஆனால் ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பத்துக் கோழிக்கும் சேர்த்து இரண்டு கைப்பிடி, அவ்வளவுதான். அதில் மாவுச்சத்துதான் அதிகம், புரதமும் கால்சியமும் குறைவு. வயிறு அதில் நிறைந்துவிட்டால் நல்ல தீவனத்தைத் தொடாது. பெட்டை கொழுத்துவிட்டால் முட்டை வெளியே வரும் வழியிலும் கொழுப்பு அடைக்கும்.

இரண்டு விரல் போகிற பெட்டையைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் பெட்டிக்குள் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வரும், வைக்கோலை அலகால் எடுத்து முதுகில் போட்டுக்கொள்ளும். அந்த நாட்களில் பெட்டிப் பக்கம் கூட்டம் போடாதீர்கள்.

வெள்ளைஇறகு (மூன்று வாரம் கழித்து):

வந்துவிட்டது! உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது உங்களுக்குத்தான். 12 நாள் முன்னால், காலை எட்டு மணிக்குப் பெட்டியில் முதல் முட்டை. மரமுட்டையை ஒட்டியே இட்டிருந்தது. கையில் எடுத்தபோது இன்னும் சூடு ஆறவில்லை. 43 கிராம். ஓட்டின் ஒரு பக்கத்தில் நூல் மாதிரி ரத்தக் கோடு. அதைப் பார்த்ததும் எல்லாச் சந்தோஷமும் போய், பெட்டையைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தேன். காயம் எதுவும் தெரியவில்லை.

இப்போது மூன்று பெட்டைகள் இடுகின்றன. முதல் பெட்டை எட்டு மணிக்கு இட்டது, அடுத்த நாள் பத்துக்கு, அதற்கடுத்த நாள் மதியம், பிறகு ஒரு நாள் ஒன்றுமே இல்லை. நேற்றுக் காலை கம்புக்கு அடியில் ஒரு தோல்முட்டை, ஓடே இல்லாமல் பை மாதிரி. கிளிஞ்சல் தட்டு காலியாகாமல் பார்த்துக்கொள்கிறேன். எங்கே தவறு செய்கிறேன்?

சாயங்காலக்கூடு:

எங்கேயும் தவறு செய்யவில்லை. படித்துவிட்டு நானும் எழுந்து என் கூண்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ரத்தக் கோடு முதல் சில முட்டைகளில் வருவதுதான். வழி இன்னும் நெகிழவில்லை, மெல்லிய ரத்தக் குழாய் ஒன்று அறுந்திருக்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ ரத்தம் அதிகமானாலோதான் கவலை.

நேரம் தள்ளிப் போவது உடம்பின் கணக்கு. ஒரு முட்டை உருவாகி வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகும். இட்டு அரை மணி நேரத்துக்குள் அடுத்த மஞ்சள்கரு சூலகத்திலிருந்து விடுபடும். ஆகவே ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய், பொழுது சாய்கிற பக்கம் வந்ததும் ஒரு நாள் இடாது. மறுநாள் காலையில் புதிதாக ஆரம்பிக்கும். புதிதாக இடுகிற பெட்டைக்கு இந்த ஒழுங்கும் சீராக இருக்காது. ஒருநாள் இரட்டைக் கரு முட்டைகூட வரும், அதுவும் இந்தப் பருவத்தின் குழப்பம்தான்.

தோல்முட்டை ஒன்றிரண்டு வந்தால் விட்டுவிடுங்கள், ஓடு கட்டுகிற பை இன்னும் வேலை பழகுகிறது. கிளிஞ்சல் இருந்தும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சுவாசக் குழாயைத் தாக்கும் சில தொற்றுகள் முட்டைப் பையையும் கெடுக்கும், அதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. தோல்முட்டை உடைந்து கிடந்தால் உடனே எடுத்துவிடுங்கள். மற்றவை அதைத் தின்று ருசி கண்டுவிட்டால் நல்ல முட்டையையும் உடைத்துக் குடிக்கும்.

நிஜமாகவே பயப்பட வேண்டியவை இரண்டு. முட்டை இட்ட பிறகு பின்பக்கத்தில் சிவப்பாகப் பளபளவென்று சதை தெரிந்து, சில நிமிஷத்தில் உள்ளே போகாமல் அப்படியே நின்றால் அந்த நொடியே பெட்டையைத் தனியாக எடுத்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்தும், கொத்த ஆரம்பித்தால் உயிர் போகும் வரை விடாது. வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி, மங்கலான இடத்தில் வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, பெட்டை வால் தாழ்ந்து, நிமிர்ந்து, பென்குவின் மாதிரி நின்றுகொண்டு முக்கினால் முட்டை உள்ளே சிக்கியிருக்கிறது. அடிப்பாகம் நனைகிற மாதிரி வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் உட்காரவைத்து, துடைத்து, சூடான அமைதியான இடத்தில் விடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் மருத்துவர்தான். வயிற்றை அழுத்தி வெளியே தள்ளப் பார்க்காதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் காப்பாற்றுவது கஷ்டம்.

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். குட்டிகளுக்கு 15 வாரமாகிறது. இன்னும் மூன்று வாரம் குரோவர்தான்.

வெள்ளைஇறகு:

சரி அக்கா, மூன்று வாரம் குரோவர். மூட்டையின் மேல் தேதியையும் எழுதி ஒட்டிவிட்டேன்.

இன்று சாயங்காலம் நீங்கள் சொன்ன மாதிரி கூண்டருகே பேசாமல் நின்றேன். கரக் கரக் சத்தம் கேட்டது. மூன்று பெட்டைகளைத்தான் எதிர்பார்த்தேன், நான்காவதாக ஒன்று வந்து தட்டில் தலையை விட்டது. போன வாரம் தொட்டபோது ஒன்றரை விரல் இருந்தது அது. இருட்டியதும் எடுத்துப் பார்த்தேன், இரண்டு விரலும் போகிறது. இரண்டாவது பெட்டியில் வைக்கோல் நசுங்கிக் கிடக்கிறது, படுப்பதற்கு முன்னால் மாற்றிவைக்கிறேன்.